பாடம் செய்ய எடுத்த பறவைத் தோலைக் கொழுப்பு நீக்கி, கழுவி, உலர்த்துவது எப்படி?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். வீட்டில் வளர்த்த வெள்ளை வாத்து ஒன்றையும் சேவல் ஒன்றையும் பாடம் செய்து வைத்தேன். வாத்தின் நெஞ்சு ஆறு மாதத்தில் மஞ்சளாகி இறகெல்லாம் பிசுபிசுத்துவிட்டது. சேவலுக்கோ கழுவும்போதே வயிற்று இறகு கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. உப்பும் படிகாரமும் தாராளமாகத்தான் போட்டேன். எங்கே தவறு? தோலைச் சுத்தம் செய்யும் முறையை முதலிலிருந்து சொல்ல முடியுமா?

பதில்:

இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். வாத்தைக் கெடுத்தது தோலில் தங்கிய கொழுப்பு. சேவலைக் கெடுத்தது உரிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்ட அழுகல். இரண்டில் எதையும் உப்போ படிகாரமோ சரிசெய்யாது. பறவையைப் பாடம் செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் எந்த மருந்து, எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். மருந்துக்கு இதில் பங்கு சிறியது. தோலில் சதையும் கொழுப்பும் இல்லாமல் எடுப்பது, இறகை முழுக்க உலர்த்துவது, அதுவரை தோலை ஈரமாகவே வைத்திருப்பது ஆகிய மூன்றும் அமைந்தால் மருந்து பெயருக்குப் போதும். அமையாவிட்டால் எந்த மருந்தும் உதவாது.

முறைக்குப் போகும் முன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். நீலகிரியிலும் பழனி மலையிலும் இருப்பவர்களுக்கு இது ஏட்டளவு விஷயம் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி காட்டுப் பறவை செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. கூடலூர்ச் சாலையில் வண்டியில் அடிபட்ட காட்டுக்கோழியையோ, கண்ணாடியில் மோதி விழுந்த குருவியையோ வீட்டுக்கு எடுத்துவந்து உரிப்பது குற்றம். அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். மயிலுக்கும் இதே நிலைதான். முன்பு காகம் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. ஆகவே கற்றுக்கொள்ள வீட்டுப் பறவைகளையே எடுங்கள்: நாட்டுக்கோழி, வாத்து, மணிலா வாத்து, வான்கோழி, கின்னிக்கோழி, பண்ணைக் காடை, கூண்டில் வளர்த்த பட்ஜி என்னும் சிறு கிளி. கை பழகக் கோழியைவிட நல்ல பறவை கிடையாது. தோல் ஓரளவு கனம், கொழுப்பு நடுத்தரம், விலையும் கட்டுப்படியாகும். புறாவை முதல் பறவையாக எடுக்க வேண்டாம். அதன் முதுகுத் தோல் ஈரக் காகிதம் மாதிரி கிழியும், இறகும் சட்டென்று உதிரும்.

காரணம் தெரியாமல் செத்த பறவையைத் தொடவே தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் இது இன்னும் முக்கியம். கிளி இனங்களில் மனிதருக்கும் தொற்றும் நுரையீரல் நோய் ஒன்று உண்டு. எந்தப் பறவையானாலும் கையுறையும் மூடிய முகக்கவசமும் போட்டுக்கொண்டு, சமையலறைக்கு வெளியே வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

உயிர் போன பிறகு முதல் சில மணி நேரம்

சேவல் கெட்டது இங்கேதான். மலையில் குளிர்தானே, இரவு முழுக்கத் திண்ணையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் குளிரைத் தடுப்பதற்காகவே இறகு இருக்கிறது. வெளியே 8 டிகிரி இருந்தாலும், இறகுக்குள் உடம்பின் சூடு வெகுநேரம் இறங்காது. அதற்குள் குடலிலிருக்கும் கிருமிகள் வயிற்றுத் தோலைத் தாக்கத் தொடங்கிவிடும். தோலின் மேல் படலம் தளர்ந்தால் இறகின் வேர் பிடிமானம் இழக்கும். உலர்ந்திருக்கும்வரை ஒட்டியபடியே இருந்து, தண்ணீர் பட்டதும் கொத்தாக வரும். அதனால்தான் கழுவும்போது கண்டீர்கள்.

செத்தவுடன் செய்ய வேண்டியது இது. வாய்க்குள்ளும் எச்சத் துவாரத்திலும் பஞ்சை அடையுங்கள். உள்ளிருக்கும் நீர் கசிந்து இறகை நனைக்கக் கூடாது. ரத்தம் பட்டிருந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். உடம்புச் சூடு போக, இறகை ஒதுக்கிக் குளிர்ந்த தரையில் அரை மணி நேரம் கிடத்தலாம். பிறகு இறகைப் படியத் தடவி, தலையைச் சிறகுக்கடியில் மடித்து வைத்து, காற்றை வெளியேற்றிய இரண்டு பாலிதீன் பைகளில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். வால் மடங்காமல் இருக்க இருபுறமும் அட்டை கட்டுவது நல்லது. மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் உருகி, மறுபடி உறைந்த பறவையை நம்ப வேண்டாம். உரிப்பதற்கு முன் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். காடைக்கு ஓர் இரவு, கோழிக்கு ஒரு முழு நாள், வான்கோழிக்கு இரண்டு நாள் பிடிக்கும். வெந்நீரில் போட்டு உருக்கினால் வெளித்தோல் கெட்டு, உள்ளே கட்டியாகவே இருக்கும்.

கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. வயிறு, கண்ணுக்கு முன்பகுதி, தொடையின் உள்பக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் ஓரிரு சிறு இறகுகளை மெல்ல இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பு இருக்க வேண்டும். வயிற்றுத் தோல் பச்சை படர்ந்திருந்தால் அந்தப் பறவையை விட்டுவிடுங்கள். இறகு உதிர்த்துப் புதிது முளைக்கும் பருவத்துப் பறவையும் வேண்டாம். நீல நிற ரத்தக் குருத்துகள் தோலெங்கும் நிற்கும். சுரண்டும்போது ஒவ்வொன்றும் கிழிந்து கசியும். கோழியில் உதிர்வு முடிந்து இறகு முழுக்க ஏறிய பறவை வாய்த்தால் பாதி வேலை முடிந்தது.

உரிப்பது

அளவு எடுக்காமல் கத்தி வைக்கக் கூடாது. தோலை எடுத்த பிறகு உடம்பு எப்படி இருந்தது என்பது நினைவில் நிற்காது. உரித்து முடித்ததும் அந்த உடலையும் காகிதத்தில் வைத்துப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் சுற்றுக்கோடு போடுங்கள். உடல் நீளம், நெஞ்சின் சுற்றளவு, கழுத்து நீளம், கண்விழியின் விட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கண், அலகு, கால், கொண்டை ஆகியவற்றின் நிறத்தைப் பறவை புதிதாக இருக்கும்போதே படம் எடுங்கள். ஒரே நாளில் மங்கிவிடும்.

பறவையை மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்செலும்பின் முகட்டில் இறகை இருபக்கமும் ஒதுக்கினால் இறகில்லாத ஒரு கோடு தெரியும். அதில் நெஞ்சின் நடுவிலிருந்து எச்சத் துவாரத்துக்கு ஒரு விரல் முன்வரை தோலை மட்டும் கீறுங்கள். நெஞ்செலும்பு முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் கத்தி ஆழம் போனால் குடல் வெளியே வரும். கீறியவுடன் மக்காச்சோளக் குருணையைத் தூவுங்கள். ஈரம் கசியக் கசியத் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். மரத்தூளும் உதவும், ஆனால் மலையில் எளிதாகக் கிடைப்பவற்றில் பைன் தூள் பிசினால் ஒட்டும். வாட்டில் மரத்தூளின் துவர்ப்புச் சத்து ஈரத்தில் கரைந்து வெள்ளை இறகில் கறை விடும். குருணைதான் பாதுகாப்பு.

தோலை இழுக்காமல் விரல் நகத்தால் உடலிலிருந்து தள்ளிக்கொண்டே போங்கள். இழுத்தால் தோல் நீண்டுவிடும். பிறகு எவ்வளவு அடைத்தாலும் தொங்கும். தொடை தெரிந்ததும் முழங்காலை உள்ளே தள்ளி, மூட்டில் வெட்டுங்கள். வால்பக்கம் போகும்போது வால் இறகுகள் ஊன்றியிருக்கும் சதைமுனையைத் தோலோடு விட்டு, முதுகெலும்பை அதற்கு முன்னே வெட்டுங்கள். இன்னும் கொஞ்சம் பின்னே போனால் இறகின் அடித்தண்டுகள் வெட்டுப்பட்டு வால் முழுக்க உதிரும். இடுப்புக்கு மேல் முதுகுத் தோல்தான் மிக மெல்லியது. அங்கே அவசரம் கூடாது. பிறகு சட்டையைக் கழற்றுவதுபோல் தோலைப் புரட்டிச் சிறகின் தோள்மூட்டில் வெட்டி, கழுத்து வழியே தலைவரை போகலாம்.

கோழியின் தலை கழுத்து வழியே வந்துவிடும். வாத்தில் தலை பெரிது, கழுத்துத் தோல் குறுகல். வலிந்து இழுக்காமல் பின்னந்தலையில் சிறு கீறல் போட்டுத் தலையை வெளியே எடுங்கள். காதுத்துளையின் உள்படலத்தை இடுக்கியால் பற்றி, பை போல முழுசாகப் பிடுங்க வேண்டும். கண்ணுக்கு வரும்போது படலத்தை எலும்பை ஒட்டி வெட்டுங்கள். இமை ஓரம் கிழிந்தால் பிறகு எந்தச் செயற்கைக் கண்ணும் அதில் சரியாக உட்காராது. கழுத்தை மண்டையோட்டின் அடியில் வெட்டி, மண்டையின் பின்பக்கத் துளையைப் பெரிதாக்கி மூளை, நாக்கு, விழிகள், தாடைச் சதை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

கொழுப்பு

உங்கள் கேள்வியின் மையம் இது. வாத்தின் தோலுக்கடியில் ஒரு மஞ்சள் போர்வை கிடக்கிறது. இறகு வரிசைகளுக்கு நடுவே அது மேடாக நிற்கும். அதை விட்டுவிட்டால் காற்றுப் பட்டு மெல்லச் சிக்கெடுத்து அமிலமாக மாறும். அந்த அமிலம் தோலின் நாரைத் தின்று அதை அப்பளம்போல் நொறுங்க வைக்கும். உருகிய எண்ணெய் இறகின் தண்டு வழியே ஏறி வெளியே கசியும். அதுதான் நீங்கள் கண்ட மஞ்சள். கூடவே பூச்சிக்கு அது அழைப்பு.

கொழுப்பில்லாத தோல் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு நம் மலைகளிலேயே சான்று உண்டு. அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்க் பழனி மலையில் சேகரித்த சிரிப்பான் குருவிக்கு 1869-இல் பிளான்ஃபோர்டு என்ற இயற்கை ஆய்வாளர் அறிவியல் பெயர் வைத்தார். ஃபேர்பேங்கின் பெயரே அதில் இன்றும் இருக்கிறது. ஊட்டியிலும் பிற இடங்களிலும் டேவிசன் என்பவர் சேகரித்த தோல்களை உள்ளடக்கிய, பறவையியலாளர் ஹியூமின் பெரும் தொகுப்பு 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்தக் காலத்துத் தோல்கள் நூற்றாண்டு கடந்தும் ஆய்வுக்கு உதவுகின்றன. காட்டுக் குருவிகளில் பலவற்றுக்குக் கொழுப்பு குறைவு என்பதும் இதற்கு ஒரு காரணம். அதே மேசையில் கொழுத்த வாத்தை அரைகுறையாகச் செய்து வைத்தால் நூற்றாண்டு என்ன, ஒரு மழைக்காலம் தாங்காது.

எப்படி எடுப்பது? தோலை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி, பெரிய கொழுப்புத் திட்டுகளைக் கத்திரிக்கோலாலும் விரலாலும் முதலில் கிள்ளி எடுங்கள். பிறகு இறகு வரிசைகளுக்கு இடையே இருப்பதைச் சுரண்ட வேண்டும். கையால் என்றால் கூரில்லாத கரண்டி ஓரம், பழைய பல் துலக்கி, மெல்லிய பித்தளைத் தூரிகை ஆகியவை போதும். எப்போதும் வாலிலிருந்து தலையை நோக்கிச் சுரண்டுங்கள். எதிர்த்திசையில் போனால் இறகின் அடிமுனைகள் கொக்கி போட்டுத் தோல் கிழியும். இறகின் அடித்தண்டு உள்பக்கம் சிறு புள்ளியாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிய கொழுப்பு போக வேண்டும், தண்டு வெட்டுப்படக் கூடாது.

வாத்து, வான்கோழி இரண்டையும் அடிக்கடி செய்கிறவர்களுக்குச் சாணைச் சக்கர மோட்டாரில் பொருத்தும் மெல்லிய கம்பிச் சக்கரம் மிகவும் உதவும். ஆறு அங்குலச் சக்கரம், கம்பி மெல்லியதாக, நுனி வளையக்கூடியதாக இருக்க வேண்டும். தோலை இரு கையாலும் இறுக்கி விரித்து, சக்கரம் தோலின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சுழலுமாறு பிடியுங்கள். ஓரம் சக்கரத்தை எதிர்கொண்டால் ஒரே நொடியில் தோலைச் சுருட்டி இழுத்துவிடும். கண்ணாடி, முகக்கவசம், மேலங்கி கட்டாயம். தளர்ந்த கைச்சட்டை ஆகாது. அவ்வப்போது குருணையைத் தேய்த்தால் உருகிய எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். முடிந்தது என்பதற்கு அடையாளம்: தோலின் உள்பக்கம் மஞ்சள் பளபளப்பு இல்லாமல், வெளிச்சத்தில் பிடித்தால் இறகுப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

பலரும் விட்டுவிடும் இடங்கள் நான்கு. வாலின் மேல் அடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வாத்தில் அது பெரிது. முழுசாக வெட்டி எடுக்காவிட்டால் வாலடியிலிருந்து ஆண்டுக்கணக்கில் எண்ணெய் கசியும். வால் தண்டுகளுக்கு நடுவிலிருக்கும் சதை அடுத்தது. தண்டுகளை வெட்டாமல் இடையிடையே கத்தி நுனியால் கிளறி எடுக்க வேண்டும். மூன்றாவது சிறகு. முன்கை எலும்பின்மேல் பறப்பிறகுகள் ஊன்றியிருப்பதால் அதை உள்ளிருந்து உரித்துக்கொண்டே போனால் இறகு வரிசை தளர்ந்துபோகும். கோழி அளவு பறவைக்குச் சிறகின் அடிப்பக்கம் கீறி, சதையை எடுத்து, வெங்காரத் (போராக்ஸ்) தூள் அடைத்துத் தைப்பதே முறை. சிறகு நுனிக்கும் ஒரு கீறல் வேண்டும். நான்காவது கால்: சதையைக் குதிமூட்டுவரை உருவிவிட்டு, பெரிய பறவையானால் உள்ளங்காலைக் கீறித் தசைநாண்களை இழுத்து எடுங்கள். இல்லாவிட்டால் கால் அழுகி நாறும்.

ஏற்கெனவே மஞ்சளான வாத்தைக் காப்பாற்ற முடியுமா என்பது தோலைப் பொறுத்தது. வயிற்றுத் தையலருகே தோலை ஊசியால் லேசாக நெம்பிப் பாருங்கள். நொறுங்கினால் வேலை முடிந்தது. நனைத்தால் துண்டு துண்டாக வரும். தோல் இன்னும் உறுதியாக இருந்தால் மேலே கசிந்த எண்ணெயை மட்டும், பெயின்ட் இளக்கப் பயன்படும் ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் இறகின் போக்கிலேயே துடைத்து, ஈரமாக இருக்கும்போதே உருளைக்கிழங்கு மாவைத் தூவி, காய்ந்ததும் மென்தூரிகையால் தட்டி எடுக்கலாம். இரண்டு மூன்று முறை செய்தால் வெளுக்கும். உள்ளே கொழுப்பு இருக்கும்வரை திரும்ப வரும் என்பதையும் அறிந்தே செய்யுங்கள். ஒயிட் ஸ்பிரிட் தீப்பிடிக்கும். கணப்படுப்பு எரியும் அறையில் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கழுவுதல்

கொழுப்பை முழுக்க எடுத்த பிறகே கழுவ வேண்டும். முதலில் கழுவினால் கொழுப்பு தண்ணீரில் பரவி இறகின் தூவியில் போய் ஒட்டும். ரத்தத்துக்குக் குளிர்ந்த நீரே ஏற்றது. வெந்நீர் ரத்தத்தைக் கெட்டிப்படுத்தி நிரந்தரக் கறையாக்கும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்ட குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் அலசுங்கள். வெள்ளை இறகில் மீந்த கறைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் தொட்டு வைத்து, நுரை அடங்கியதும் அலசிவிடலாம்.

அடுத்து எண்ணெய் போக, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீர், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். துணி துவைப்பதுபோல் கசக்காமல், நீருக்குள் முன்னும் பின்னும் அலைத்து, இறகின் போக்கிலேயே விரலால் நீவுங்கள். வாத்துக்கு இதை மூன்று தடவை புதுத் தண்ணீரில் செய்ய வேண்டும். கோழிக்கு ஒன்றே போதும். மொத்தத்தில் தோல் தண்ணீரில் கிடக்கும் நேரம் அரை மணியைத் தாண்டக் கூடாது. பிறகு நுரை துளியும் வராமல் போகும்வரை அலசுங்கள். மலைப்பகுதியில் காணும் கோளாறுகளில் பாதி இந்த அலசலில்தான் இருக்கிறது. தண்ணீர் ஐஸாகக் குளிர்கிறது என்று இரண்டு முறை முக்கி எடுத்துவிடுகிறார்கள். சோப்பு தங்கிய இறகு எவ்வளவு காயவைத்தாலும் எழும்பாது, ஈரத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். அலசும் நீரையும் வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இறகு காயட்டும், தோல் காயக் கூடாது

தோலைத் துண்டில் சுருட்டி, முறுக்காமல் அழுத்தி நீரை எடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு முறை முக்கினால் நீர் சீக்கிரம் வெளியேறும், கட்டாயமில்லை. பிறகு பெரிய பையில் குருணையோடு போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி, உதறி, புதுக் குருணையில் மறுபடி குலுக்குங்கள்.

அதன்பின் காற்று. முடி உலர்த்தியை மிதமான சூட்டில் வைத்து, இறகின் போக்குக்கு எதிராக, அடிவேரை நோக்கி ஊதுங்கள். மேல் இறகு சீக்கிரம் காய்ந்து அழகாகத் தெரியும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். பார்க்க வேண்டியது அடியிலுள்ள மெல்லிய தூவி. அது நூல்போல் ஒட்டிக்கிடந்தால் ஈரம் இருக்கிறது, புகைபோல் எழும்பி நின்றால் காய்ந்தது. தூவி எழும்பாத தோலைச் செயற்கை உடலில் மாட்டினால் பறவை எப்போதும் நனைந்த மாதிரியே நிற்கும், எந்தச் சீப்பும் அதைத் திருத்தாது. வாத்துக்கு இந்த ஊதல் ஒரு மணிக்கு மேலேயே பிடிக்கும்.

இதற்கிடையே தோலின் உள்பக்கம் காய்ந்து விறைத்துவிடக் கூடாது. ஈரத் துணியை உள்ளே விட்டு வைத்துக்கொண்டு ஊதுங்கள். மெல்லிய இடங்களான கண்ணிமை, வாய் ஓரம், கால் ஆகியவற்றை ஈரப்பஞ்சால் மூடுங்கள். விறைத்தால் அந்த இடத்தை நனைத்து, பையில் கட்டிச் சில மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் இளகும். வேலை அன்றே முடியாதென்றால் தோலைப் புரட்டி மடித்துப் பையில் கட்டி உறையவைத்துவிடலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று மேசையில் விட்டுவைப்பது மட்டும் கூடாது.

மருந்து

வெங்காரம் போதும். நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதை நைசாகப் பொடித்துச் சலித்து, ஈரத்தோலின் உள்பக்கம் எல்லா மடிப்பிலும் படும்படி தேய்த்து, மிச்சத்தை உதறிவிடுங்கள். மண்டையோட்டுக்குள்ளும், சிறகுக் கீறல்களிலும், வாலடியிலும் தாராளமாகப் போடலாம். பூச்சியைத் தடுக்கும், தோலை ஓரளவு உலர்த்தும். தூள் மூக்கில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையில் இருக்க வேண்டாம்.

படிகாரத்தை விட்டுவிடுங்கள். அது அமிலத் தன்மை உள்ளது, மெல்லிய பறவைத் தோலைச் சுருக்கி விறைக்க வைக்கும். உப்பை நம் மலையில் கட்டாயம் தவிர்க்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழை மாதங்களில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் அது அன்றாட நிலை. உப்புப் போட்ட பறவை மழைக்காலம் வந்தால் வியர்க்கும், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும், துரு காலின் தோலில் பழுப்பாகத் தெரியும்.

மாட்டுவது தனிக் கதை. இங்கே தோலைப் பாதிப்பவை மட்டும்: உடலை நீங்கள் வரைந்த கோட்டைவிடச் சற்றே சிறியதாக மர இழையில் கட்டி நூலால் இறுக்குங்கள், பெரிதானால் தையல் விரியும். கம்பி காடைக்கு 1.2 மில்லிமீட்டர், புறாவுக்கு 2, கோழிக்கு 3 என்ற கணக்கில், துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். சேவல் கொண்டையும் தாடியும் காய்ந்தால் சுருங்கிக் கறுக்கும். அதைத் தடுக்க வழியில்லை, அச்செடுத்து வார்த்துப் பொருத்துவதுதான் நிலைக்கும்.

மலையில் உலர்வது

மாட்டிய பறவை சமவெளியில் பத்து நாளில் காயும் என்றால் இங்கே மூன்று நான்கு வாரம் ஆகும். மூடுபனி அறைக்குள் வந்துபோனால் அதற்கும் மேல். காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் இரவு உறைபனி விழுந்தாலும் பகல் வறண்டிருக்கும். அதுவே சிறந்த காலம். மற்ற மாதங்களில் ஓர் அலமாரியின் அடித்தட்டில் 40 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, பறவை அதிலிருந்து இரண்டு அடி தள்ளி இருக்குமாறு வைத்து, மேலே காற்று போகத் துளை விடுங்கள். உள்ளே ஒரு ஈரப்பதமானி இருந்தால் 50 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். கணப்படுப்புக்கு மேல் தொங்கவிட வேண்டாம். வெளித்தோல் இறுகி உள்ளே ஈரம் அடைபடும், புகையும் படியும். கால், வாலடி, அலகு ஓரம் ஆகிய இடங்களில் வெண்பூஞ்சை தலைகாட்டினால் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காற்றோட்டத்தை அதிகப்படுத்துங்கள்.

காய்ந்தபின் எதிரி தோல்வண்டும் அந்துப்பூச்சியும். அடியில் மெல்லிய தூளோ உதிர்ந்த புழுக்கூடோ கண்டால் பறவையைக் காற்றுப்புகாத பாலிதீனில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்கக் கூடாது. குளிர்ந்த இறகில் பனித்துளி கோக்கும். ஒரு முழு நாள் அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். பாதுகாக்கக் கண்ணாடிப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் நல்லது. ஜெல்லை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை சூடுகாட்டி எடுக்க வேண்டும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், இறகின் நிறம் போய்விடும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எஸ்டேட் பங்களாக்களிலும் பழைய கிளப்புகளிலும் தூசி படிந்த பாடம் செய்த பறவைகள் இன்னும் நிற்கின்றன. கொடைக்கானல் செண்பகனூரில் ஏசு சபையினர் 1895-இல் தொடங்கிய அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அவற்றைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறோம். வீட்டில் இருப்பதைக் கையால் தூக்குகிறோம், தட்டித் தூசி எடுக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் பெக்கூர் கண்டுபிடித்த ஆர்செனிக் சோப்புதான் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை உலகமெங்கும் தோலுக்குப் பூசப்பட்டது. அது ஆவியாகிப் போகாது; இன்றும் இறகின் தூசியில் இருக்கும். பழைய பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள். சுத்தம் செய்தே ஆக வேண்டுமென்றால் நைட்ரைல் கையுறையும் என்-95 முகக்கவசமும் போட்டு, ஈரம் பிழிந்த துணியால் பீடத்தை மட்டும் துடைத்து, துணியைக் கட்டித் தனியே அப்புறப்படுத்துங்கள். காட்டுப் பறவையானால் அதை வைத்திருக்க உரிமைச் சான்று இருக்கிறதா என்று வன அலுவலகத்தில் கேட்ட பிறகே இடம் மாற்றுங்கள்.